கண்ணுக்குத் தெரியாத பூச்சு சுவரைக் காப்பாற்றுமா?

கேள்வி: எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. 2023 டிசம்பர் மழையிலிருந்து மேற்குச் சுவரில் ஓதம் நிற்கவே இல்லை. தார்சும் (மொட்டைமாடித் தளம்) ஓரத்தில் கசிகிறது. பெயின்ட் கடையில் ‘நானோ கோட்டிங்’ ஒன்றைக் காட்டினார்கள். தண்ணீர் மாதிரியே இருக்கிறது. பூசிக் காய்ந்தால் கண்ணுக்கே தெரியாதாம். ஆனால் தாமரை இலையில் உருள்வதுபோல் தண்ணீர் உருண்டோடிவிடுமாம். இவ்வளவு மெல்லிய பூச்சால் தண்ணீரைத் தடுக்க முடியுமா? நம்பிச் செலவழிக்கலாமா?

பதில்:

தம்பி, தண்ணீரை ஒட்டவிடாமல் செய்வது ஒரு வேலை. தண்ணீரைப் புகவிடாமல் செய்வது வேறு வேலை. கடைக்காரர் காட்டியது முதல் வேலையை நன்றாகவே செய்யும். இரண்டாவதை உங்கள் சுவரில் ஓரளவு செய்யும், தார்சு ஓரத்துக் கசிவில் செய்யவே செய்யாது. நான் இருபது வருஷத்துக்கு மேல் பாலிமர் (நீளச் சங்கிலிபோன்ற மூலக்கூறுகளால் ஆன பொருள்) பூச்சுகளோடு ஆய்வுக்கூடத்தில் இருந்தவன். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பணத்தை விட்டவர்கள் நம் ஊரிலேயே பலரைப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். தோட்டத்து வாழையில் ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளையாக மாவு பூத்திருக்கும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நின்று, இலையைச் சாய்த்ததும் ஓடிவிடும். இப்போது ஓர் இடத்தில் மட்டும் அந்த மாவை விரலால் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு விடுங்கள். அங்கே தண்ணீர் படிந்து உட்காரும். இலை அதே இலை. நீங்கள் எடுத்தது ஒரு சிட்டிகை மெழுகு. பிசான நெல்லின் தாளில் காலையில் பனி முத்து முத்தாக நிற்பதும் இந்த மெழுகால்தான். மருந்தடிக்கும்போது சம்சாரி காதி சோப்பைக் கரைத்துச் சேர்ப்பது ஏன் என்றால், மெழுகுத்தாளில் மருந்து நிற்காமல் உருண்டு விழுந்துவிடும். அவருக்கு வேண்டியது படிவது, உங்களுக்கு வேண்டியது உருள்வது. இரண்டையும் தீர்மானிப்பது அந்த மேல்தோல்.

ஒரு சொட்டு எப்படி உட்காரும் என்பதை 1805-இல் தாமஸ் யங் தெளிவாக்கினார். சொட்டின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில் ஒரு கோணம் உண்டாகிறது. அதைத் தொடுகோணம் என்கிறோம். தண்ணீருக்குத் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் பலம் உண்டு. பரப்பு அதைவிட வலுவாகக் கூப்பிட்டால் சொட்டு படர்ந்துவிடும், கோணம் குறையும். பரப்பு கூப்பிடாவிட்டால் சொட்டு தன்னைத் திரட்டிக்கொள்ளும், கோணம் ஏறும். 90 பாகைக்குக் கீழே இருந்தால் நீரை விரும்பும் பரப்பு, மேலே இருந்தால் நீரை விலக்கும் பரப்பு. நன்றாகக் கழுவிய கண்ணாடியில் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் படர்ந்துவிடும். ஒட்டாத தவாவில் பூசும் டெஃப்லானின் தகட்டில் கோணம் 110 பாகைக்குப் பக்கத்தில் நிற்கும்.

எவ்வளவு தடிமன் இருந்தால் தண்ணீர் ஏமாறும் என்று கேட்டீர்கள். இதற்கு அழகான விடை 1980-களின் கடைசியில் வந்தது. காலின் பெய்னும் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸும் தங்கத் தகட்டின்மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்கு ஒரு படலத்தை வரிசையாக நிற்க வைத்தார்கள். நாற்றங்காலில் நாற்று நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்றின் நுனியில் மீத்தைல் தொகுதி (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) இருந்தால் தண்ணீர் திரண்டு நின்றது. அதே நாற்றின் நுனியில் ஹைட்ராக்சில் தொகுதியை (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) வைத்ததும் படர்ந்துவிட்டது. கீழே தண்டு அதே தண்டு, அடியில் தங்கம் அதே தங்கம். மேல்நுனியில் அரை நானோமீட்டர் அளவில் என்ன இருக்கிறது என்பதுதான் தண்ணீருக்குத் தெரிகிறது. தலைமுடியின் கனத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாத உயரம் அது. ஆகவே ‘இவ்வளவு மெல்லியதால் முடியுமா’ என்ற உங்கள் சந்தேகத்துக்கு விடை, முடியும். சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு: அந்த மேல்நுனி எத்தனை நாள் அங்கேயே இருக்கும், அதற்கு அடியில் பிடி என்ன?

அதற்குமுன் தாமரை இலையைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பாலிமரைக் கொண்டு வந்தாலும் வழவழப்பான சமதளத்தில் தண்ணீரின் கோணம் 120 பாகையைத் தாண்டுவது கடினம். டெஃப்லானுக்கும் அதுதான் கதி. தாமரை 150-ஐத் தாண்டிப் போவது மெழுகால் மட்டும் அன்று, மேட்டுப் பள்ளத்தால். இலை முழுக்க நுண்ணிய மேடுகள், மேடுகளின்மேல் இன்னும் நுண்ணிய மெழுகுக் குழாய்கள். சொட்டு அந்த நுனிகளில் உட்கார்ந்திருக்கிறது, அடியில் காற்று. இதை ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸும் 1997-இல் விரிவாக எழுதிய பிறகுதான் உலகம் முழுக்கத் தாமரைப் பெயரில் பூச்சு விற்கத் தொடங்கினார்கள். ஆனால் விரலால் தேய்த்தால் அந்த நுனிகள் நசுங்கிவிடும். தாமரைக்கு உயிர் இருக்கிறது, மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும். உங்கள் சுவருக்கு அந்த வசதி இல்லை. எனவே டப்பாமேல் தாமரைப் படம் இருந்தால் அந்தப் படத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். கடையில் சொட்டு விட்டுக் காட்டும்போது அது எவ்வளவு உருண்டையாக நிற்கிறது என்றுதான் எல்லாரும் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது தகட்டைச் சாய்த்தால் எப்போது நகர்கிறது என்பதை. ரோஜா இதழில் தண்ணீர் தாமரையில் நிற்பதுபோல முத்தாகவே நிற்கும். இதழைக் கவிழ்த்தாலும் விழாது. மறுபக்கம், 2016-இல் லிமிங் வாங்கும் தாமஸ் மெக்கார்த்தியும் கண்ணாடியில் சில நானோமீட்டர் நீளத்துக்குச் சிலிகோன் சங்கிலிகளை ஒரு முனையில் மட்டும் கட்டி நட்டார்கள். அதில் சொட்டு அப்படியொன்றும் உருண்டையாக நிற்காது, கோணம் சுமார் 105 பாகைதான். ஆனால் ஓரிரு பாகை சாய்த்தாலே வழுக்கிப் போய்விடும். காரணம், ஒரு முனையில் கட்டியிருந்தாலும் மறுமுனை திரவம்போல ஆடிக்கொண்டே இருக்கிறது. சொட்டுக்குப் பற்றிக்கொள்ள ஒரு கணுவும் கிடைப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பூச்சு இது.

சிலிகோன் பெயர் வந்ததால் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டு வருவோம். இந்த விஷயம் முழுவதும் அங்கே மின்கம்பத்தின் உச்சியில் தொங்குகிறது.

உப்பளங்களுக்கு நடுவே போகும் உயர் அழுத்தக் கம்பிகளின் அடியில் மார்கழி விடியலில் நின்றிருக்கிறீர்களா? சடசடவென்று ஒரு சத்தம் கேட்கும். கம்பியைத் தாங்கும் பீங்கானில் பகலெல்லாம் கடற்காற்று உப்பைப் படிய வைக்கிறது. காய்ந்த உப்பு ஒன்றும் செய்யாது. விடியலில் பனி இறங்கும். பீங்கான் நீரை விரும்பும் பரப்பு, பனி அதில் படலமாகப் படர்ந்து உப்பைக் கரைக்கிறது. உடனே பீங்கான்மேல் மின்சாரம் ஓட ஒரு வழி உண்டாகிவிடுகிறது. அங்கங்கே சூடாகிக் காயும் இடங்களில் பொறி தாவுகிறது. அந்தச் சத்தம்தான் நாம் கேட்பது. பொறிகள் சேர்ந்து முழு நீளத்துக்கும் தாவிவிட்டால் லைனில் மின்சாரம் நின்றுவிடும். ஒரு வழி, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கடி கழுவுவது. இன்னொரு வழி, பீங்கான்மேல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சிலிகோன் ரப்பர் பூச்சு. பூசிவிட்டால் பனி படலமாகப் படராமல் தனித்தனி முத்துகளாக நிற்கும். முத்துக்கும் முத்துக்கும் நடுவே காய்ந்த இடம் இருப்பதால் மின்சாரத்துக்கு வழி கிடைப்பதில்லை.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பூச்சின்மேலும் உப்பும் தூசியும் படியாதா, தண்ணீருக்கு மேல்தோல்தான் தெரியும் என்றால் அப்போது மேல்தோல் அந்த அழுக்குதானே? சரியான கேள்வி. வேறு எந்தப் பாலிமராக இருந்தாலும் கதை அத்தோடு முடிந்துவிடும். சிலிகோனில் மட்டும் நீளம் குறைந்த சங்கிலிகள் சில, மற்றச் சங்கிலிகள் பின்னிய வலையில் மாட்டாமல் உள்ளே சும்மா கிடக்கின்றன. அவை மெல்ல மேலே கசிந்து வந்து, படிந்த அழுக்கின் துகள்களையும் தங்கள் மெல்லிய தோலால் மூடிவிடுகின்றன. அழுக்கே நீரை விலக்கத் தொடங்குகிறது. பலத்த மழையிலோ பொறியிலோ அந்தக் குணம் போனாலும், சில மணி நேரத்தில் அல்லது சில நாளில் அடியிலிருந்து மறுபடி ஊறி வரும். தாமரை உயிரால் செய்வதை உயிரில்லாத ஒரு பூச்சு செய்கிறது. நம் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான பாலிமர் வேலை எனக்குத் தெரியாது.

அதே குணம் எங்களை ஆய்வுக்கூடத்தில் அழ வைத்ததும் உண்டு. சிலிகோன் தகட்டை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்சாரத்தால் தூண்டிய ஆக்சிஜன் வாயு) ஒரு நிமிஷம் காட்டினால் மேலே ஹைட்ராக்சில் தொகுதிகள் முளைத்துத் தண்ணீர் படர்ந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படி இருபது தகடுகளைச் செய்து மூடி வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் எல்லாவற்றிலும் சொட்டு திரண்டு நிற்கிறது. உள்ளிருந்த சங்கிலிகள் மேலே வந்து மூடிவிட்டன, இருந்தவையும் புரண்டு படுத்துவிட்டன. பாலிமரின் மேற்பரப்பு கல்லின் முகம்போல நிலையானது கிடையாது. காற்றில் இருக்கும்போது நீரை வெறுக்கும் பக்கத்தை வெளியே காட்டும், தண்ணீரில் கிடந்தால் நீரை விரும்பும் பக்கத்தைத் திருப்பும். கடையில் காய்ந்த தகட்டில் ஒரு சொட்டு விட்டுக் காட்டுவதும், ஐப்பசி முழுக்க மழையில் நனைந்த சுவரும் ஒன்றாக மாட்டா.

இந்தப் புரளலையே வேலைக்கு வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். பாலி ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு என்று ஒரு பாலிமர். 32 பாகை செல்சியஸுக்குக் கீழே தண்ணீரைக் குடித்து விரிந்து நிற்கும், அதற்கு மேலே சுருண்டு தண்ணீரை வெளியே தள்ளும். நம் ஊர்க் கணக்கில், சித்திரை மதியத்தில் நீரை வெறுக்கும், மார்கழி விடியலில் விரும்பும். டோக்கியோவில் தெருவோ ஒகானோ 1990-இல் செல் வளர்க்கும் தட்டின் அடியில் இதைப் பூசினார். 37 பாகையில் செல்கள் ஒட்டி வளர்ந்து ஒரு தாளாகச் சேர்கின்றன. தட்டைக் குளிர்வித்தால் பரப்பு தண்ணீரைக் குடித்து விரிய, கத்தியோ நொதியோ இல்லாமல் தாள் முழுசாகக் கழன்று வருகிறது. பூச்சு 20 நானோமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இது நடக்கும். 30-ஐத் தாண்டினால் செல்கள் ஒட்டுவதே இல்லை. 2004-இல் ஜப்பான் மருத்துவர்கள் வாயின் உட்தோல் செல்களை இப்படித் தாளாக வளர்த்து, கருவிழி கெட்டுப்போன நான்கு பேரின் கண்ணில் ஒட்டினார்கள். பார்வை தேறியது. பத்து நானோமீட்டர் கூடினால் கெட்டுப்போகும் வேலை இது. ‘ரெண்டு கோட்டுக்கு நாலு கோட்டாக அடித்துவிடுவோம்’ என்று பெயின்டர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சரி, உங்கள் சுவருக்கு வருவோம்.

கடையில் தண்ணீர் மாதிரி இருந்தது என்றால் பெரும்பாலும் அது சைலேன் அல்லது சைலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்ந்த திரவ வகை. மேலே தோலாக நிற்காது. செங்கலுக்குள்ளும் சிமெண்டுப் பூச்சுக்குள்ளும் சில மில்லிமீட்டர் ஆழம் ஊறி, ஈரத்தோடு வினைபுரிந்து, துளைகளின் சுவரில் உள்ள சிலிக்காவோடு (மணலில் இருக்கும் பொருள்) ஆக்சிஜன் பாலம் போட்டுக் கட்டிக்கொள்ளும். நான் முன்னே கேட்ட ‘பிடி’ இதுதான். ஒட்டிக்கொண்டு நிற்பதற்கும் வேதிப் பிணைப்பால் கட்டிக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் ஆயுளில் தெரியும். செங்கல், சிமெண்டு, கருங்கல் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் பிணைக்க இடம் குறைவு, அங்கே இது சரியாக நிற்காது.

துளைகள் அடைபடுவதில்லை, அவற்றின் உட்சுவர் மட்டும் நீரை விலக்கும். இது நல்லது, சுவர் மூச்சு விடும். ஆனால் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும்? கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொடுகோணம் 105 பாகை என்று வைத்துக்கொண்டால், ஒரு மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள துளைக்குள் தண்ணீரைத் திணிக்க ஏறக்குறைய ஏழரை மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் வேண்டும். சாய்ந்தடிக்கும் மழையால் அது ஆகாது. அதே பூச்சு, அதே கோணம், அரை மில்லிமீட்டர் அகல வெடிப்பு என்றால், ஏழரை மில்லிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே உள்ளே போய்விடும். மீட்டர் எங்கே, மில்லிமீட்டர் எங்கே! 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் கொட்டிய மழையில் உங்கள் தார்சில் எத்தனை மில்லிமீட்டர் தேங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தார்சின் ஓரம் கசிகிறது என்றால் அங்கே வெடிப்பு இருக்கிறது, அல்லது தண்ணீர் வடியும் வாட்டம் சரியில்லை. அதற்குக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். தட்டோட்டின் இணைப்பை நோண்டி எடுத்து, வாட்டம் பார்த்து, வெடிப்பை அடைத்து, நீளக்கூடிய கனமான பாலிமர் பூச்சை மில்லிமீட்டர் கணக்கில் போட வேண்டும். நானோமீட்டருக்கு அங்கே வேலை இல்லை.

மேற்குச் சுவருக்குப் பூசலாம், ஒரு நிபந்தனையோடு. ஓதம் வெளியிலிருந்து மழையால் வருகிறதா, அடியிலிருந்து ஏறுகிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்பு பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தால் அது நிலத்து ஈரம். அதன்மேல் இதைப் பூசினால் நிலைமை மோசமாகும். ஈரம் வெளிமுகம் வரை வந்து காய முடியாமல் உள்ளேயே காயும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி முகத்தையே பெயர்த்துத் தள்ளும். இப்படிப் பட்டை பட்டையாகக் கழன்ற சுவர்களை ஆற்றங்கரைத் தெருக்களில் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

பூசிய பிறகு ஒன்றிரண்டு வருஷத்தில் தண்ணீர் முத்தாக உருள்வது நின்றுவிடும். வெளித்தோலை நம் வெயில் தின்றுவிடும், மேலே தூசியும் படியும். உடனே ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். துளைக்குள் கட்டியிருப்பதை வெயில் தொடாது, அது பல வருஷம் வேலை செய்யும். அழகு போகும், பயன் நிற்கும்.

வாங்கும்போது ஃப்ளோரின் உள்ளதா என்று கேளுங்கள். எண்ணெய்க் கறையும் பிடிக்காது என்று சொல்லும் பூச்சுகளில் பெரும்பாலும் அது இருக்கும். அந்த நீள ஃப்ளோரின் சங்கிலிகளின் மிச்சமாக வரும் பி.எஃப்.ஓ.ஏ. என்ற அமிலம் மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் தங்கிவிடுவதால், 2019-இல், சிதையாமல் தங்கும் நச்சு வேதிப்பொருள்களுக்கான உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. வெறும் மழையைத் தடுக்க ஃப்ளோரின் தேவையே இல்லை. சுவரில் ஓடும் மழைத்தண்ணீர் கடைசியில் தாமிரபரணிக்குத்தான் போகும்.

ஒரு லிட்டர் மட்டும் முதலில் வாங்குங்கள். உங்கள் சுவரில் உள்ள அதே செங்கல் இரண்டை நான்கைந்து நாள் வெயிலில் காய வைத்து, ஒன்றின் எல்லாப் பக்கமும் பூசி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். இரண்டையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். பிறகு ஒரு தட்டில் அரை அங்குலத் தண்ணீர் விட்டு ஒரு நாள் முழுக்க இரண்டையும் அதில் நிற்க வைத்து, துடைத்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள். பூசாத செங்கல் குடித்த தண்ணீரில் பத்தில் ஒரு பங்குக்குமேல் பூசிய செங்கல் குடித்திருந்தால் அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சுவரில் பூசுவதைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனிச் சாரல் தொடங்குவதற்குள் சுவர் உள்வரை காய்ந்திருக்க வேண்டும். ஈரத் துளைக்குள் மருந்து இறங்காது.